பயிற்சி ஏட்டை முடித்த பிறகும் மூன்று சீட்டுகளைச் சேர்த்து வாசிக்க வரவில்லை

புதுக்கட்டு:

வணக்கம். மூன்று மாதங்களாக ஒரு பயிற்சி ஏட்டின் துணையோடு, படச் சீட்டுகளை உருவிப் பலன் சொல்லும் டாரட் கற்று வருகிறேன். என்னிடம் இருப்பது ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டு. ஏட்டின் வரிசைப்படி நாளுக்கு ஒன்றாக 78 சீட்டுகளுக்கும் உரிய கட்டங்களை நிரப்பிவிட்டேன். எந்தச் சீட்டின் பெயரைச் சொன்னாலும் நான்கைந்து சொற்களைத் தடங்கலின்றி ஒப்பிக்க முடிகிறது. ஆயினும், வேலையை விடலாமா என்ற குழப்பத்தோடு தோழி ஒருத்தி வந்து அமர்ந்தபோது, கோப்பை ஐந்து, வாள் இரண்டு, வாள் ஆறு என்று விழுந்த சீட்டுகளுக்கு “இழப்பு, தயக்கம், இடப்பெயர்ச்சி” என்று மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச்சு எழாமல் விழித்தேன். ஏட்டை முதலிலிருந்து மறுபடி எழுத வேண்டுமா?

இன்னோர் ஐயமும் உண்டு. இப்போது நாள்தோறும் காலையில் கட்டை முழுவதும் கலைத்து ஒரு சீட்டு உருவுகிறேன். 12 நாள்களில், இதயத்தை வாள்கள் துளைப்பதைக் காட்டும் வாள் மூன்று இருமுறை வந்துவிட்டது. இதை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டுமா?

சாய்மேசை:

மறுபடி எழுத வேண்டாம். கட்டங்களை நிரப்பும்போது பொருள் விளக்கப் பக்கத்தைப் பார்த்துத்தான் நிரப்பியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நானும் முதல் ஏட்டை அப்படித்தான் வீணாக்கினேன். பொருளை மூடிவைத்துவிட்டு, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பத்து நிமிடம் எழுதுங்கள். “சோகம்” என்று எழுதக் கூடாது. “தலை கவிழ்ந்திருக்கிறது” என்று எழுதலாம்.

உங்களுக்கு விழுந்த சீட்டுகளையே எடுத்துக்கொள்வோம். கோப்பை ஐந்தில் கறுப்பு மேலங்கி அணிந்த ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளை நோக்கி நிற்கிறார். கவிழாத இரண்டு கோப்பைகள் அவருக்குப் பின்னால் இருக்கின்றன. அப்பால் ஓர் ஆறும் அதைக் கடக்க ஒரு பாலமும் உள்ளன. வாள் இரண்டில் கண் கட்டப்பட்ட பெண் மார்பின் குறுக்கே இரு வாள்களை ஏந்தி, நீர்ப்பரப்புக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். வாள் ஆறில் ஒருவர் படகைச் செலுத்த, ஒரு பெண்ணும் குழந்தையும் முதுகைக் காட்டியபடி அக்கரைக்குப் போகிறார்கள். ஆறு வாள்களும் படகிலேயே நட்டு நிற்கின்றன. மூன்றிலும் நீர் இருப்பதை எழுதும்போதுதான் கவனிப்பீர்கள். பாலம் இருந்தும் கடக்காதவர், நீரைப் பார்க்கவே மறுப்பவர், வாள்களையும் சுமந்துகொண்டு கடந்து செல்பவர் என்று அடுக்கிப் பார்த்தால், தோழியிடம் பேசுவதற்கு வேண்டிய வாக்கியம் தானே அமையும்: போவதற்கு வழி முன்பே இருந்தது, பார்க்க மனம் வரவில்லை, இனிப் போனாலும் பழைய காயம் உடன் வரும்.

அடுத்ததாக, இதே மூன்று சீட்டுகளை இடம் மாற்றினால் ஆறு வரிசைகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் “ஆகையால்”, “ஆயினும்”, “அதற்கு முன்” போன்ற இணைப்புச் சொல்லோடு ஒரே வாக்கியம் எழுதுங்கள். படகு முதலில் வந்து கோப்பை ஐந்து கடைசியில் நின்றால் கதை வேறு: அக்கரை சேர்ந்தவர் அங்கே நின்று இழந்ததை எண்ணுகிறார்.

இந்தப் பயிற்சி உங்கள் கட்டுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. 1909-இல் லண்டனில் வெளிவந்த அந்தக் கட்டுக்கு, மறைஞான எழுத்தாளர் ஏ. இ. வெய்ட்டின் திட்டப்படி ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் படம் வரைந்தபோது, எண் சீட்டுகளுக்கும் காட்சிகளைத் தீட்டினார். மார்செய் என்னும் பழைய வகைக் கட்டில் எண் சீட்டுகளில் வாளும் கோப்பையும்தான் அடுக்கப்பட்டிருக்கும். அங்கே வேறு வழியில்தான் கற்க வேண்டும்.

எண்வழி:

மனப்பாடம் முழுவதும் வீண் என்ற தொனியை நான் ஏற்கவில்லை. கட்டில் மைனர் அர்க்கானா எனப்படும் பகுதியின் 56 சீட்டுகள், கோல், கோப்பை, வாள், காசு என்னும் நான்கு இனங்களுக்கும் தலா பதினான்கு என்ற ஒழுங்கில் அமைந்தவை. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் நினைவில் இருக்கும் சொற்கள் உயிர் பெறும். நான்கு ஐந்துகளையும் அருகருகே வையுங்கள். கோலில் ஐவர் கழிகளோடு மோதுகிறார்கள். வாளில் ஒருவன் வாள்களைச் சேகரிக்க இருவர் விலகிப் போகிறார்கள். காசில் ஒளிரும் சாளரத்தின் கீழே பனியில் இருவர் நடக்கிறார்கள். கோப்பை ஐந்தை மேலே விவரித்துவிட்டார்கள். நான்குக்கும் பொதுவானது எது என்று நீங்களே ஒரு பத்தி எழுதுங்கள்.

வாள் மூன்றைப் பற்றி: 78 சீட்டுகளில் நாளுக்கு ஒன்றாக உருவினால், ஏதேனும் ஒரு சீட்டு மறுபடி வருவதற்கான வாய்ப்பு 11 நாள்களிலேயே பாதியைக் கடந்துவிடும், 12 நாள்களில் அது ஏறத்தாழ 59 சதவீதம். திரும்பி வந்தது மகிழ்ச்சியைக் காட்டும் கோப்பை பத்தாக இருந்திருந்தால் இங்கே கேட்டிருக்க மாட்டீர்கள்.

மாலைக்குறிப்பு:

தலைகீழாக விழும் சீட்டுகளுக்குத் தனிப் பொருள் பார்ப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புரியவில்லை என்று நான்காவது சீட்டை உருவும் பழக்கத்தையும் தொடங்காதீர்கள்.

காலையில் உருவிய சீட்டுக்கு, பொய்யாகக் கூடிய ஒரு வாக்கியத்தை எழுதி, மாலையில் அதன் எதிரே நடந்ததைக் குறியுங்கள். “மனம் அலைபாயும்” என்பது எந்த நாளுக்கும் பொருந்தும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியலாளர் தம் மாணவர் அனைவருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பைத் தனித்தனியே தயாரித்ததுபோல் கொடுத்தபோது, அவர்கள் அதன் பொருத்தத்துக்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தார்கள். எதிரே இருப்பவர் தலையசைப்பதை வைத்து உங்கள் தேர்ச்சியை அளக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தோழியின் கேள்வியையும் “வேலையை விட்டால் எதைச் சமாளிக்க வேண்டியிருக்கும்” என்று மாற்றிக் கேட்டிருக்கலாம். விடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

புதுக்கட்டு:

அனைவருக்கும் நன்றி. ஆறு வரிசைகளையும் எழுதினேன். நான்காவதில் ஒரு மணி நேரம் சிக்கிக்கொண்டேன். வாள் மூன்றையும் விவரிக்க முயன்றேன். இதயம், வாள்கள், மேகம், மழை என்று இரண்டு வரியில் முடிந்துவிட்டது. மனிதரே இல்லாத சீட்டில் என்ன எழுதுவது?

சாய்மேசை:

கோல் எட்டிலும் இதே சிக்கல் வரும். அங்கே வானில் பாயும் எட்டுக் கோல்கள்தான் உண்டு. அப்படிப்பட்ட சீட்டின் பக்கத்தில் மனிதர் இருக்கும் ஒரு சீட்டை வைத்து, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதுங்கள். கண் கட்டப்பட்ட அந்தப் பெண்ணையே முதலில் வைத்துப் பாருங்கள். அவளுக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.