உண்டியலோடு க்யூஆர் அட்டையும் வைக்கிறோம், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

மதுரை சொந்தங்களுக்கு வணக்கம். செல்லூரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டு, பக்கத்தில் உண்டியலும் வைப்போம். போன முறை மோர் குடித்த ஒரு தம்பி சட்டைப் பையைத் தடவிவிட்டு, "ஜிபே இருக்காண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த முறை அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிலேயே க்யூஆர் வாங்குகிறோம். தனி ஆள் கணக்கு வேண்டவே வேண்டாம், ஊர்க்காசு அது. கார்டைத் தொட்டுக் கட்டும் மெஷினும் வைத்தால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது, வரிசை தேங்காது. ஆனால் அதன் வாடகை நமக்குக் கட்டுப்படியாகுமா?

அப்புறம் ரசீது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கிடையாது என்பதால், பெரிய தொகை தருபவர்களுக்கு யூபிஐதான் நல்லது. அந்த நெரிசலில் அவர்களிடம் பெயர், முகவரி, பான் எண்ணை எப்படி வாங்குகிறீர்கள்?

கூட்டத்தில் டவர் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? மேளச் சத்தத்தில், பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் காதில் விழுமா? பந்தல் போட்டுப் பழகியவர்கள் தயவுசெய்து கமெண்டில் எழுதுங்கள்.