புதுப்பிப்பு: உளவு மென்பொருளைத் தடுக்க எதைப் போடுவது? (தீர்ந்தது)

வீட்டுக் கணினியில் பிரவுசரின் முகப்புப் பக்கம் தானாக மாறுகிறது, உளவு மென்பொருளைத் தடுக்க எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கடைசியில் எதையும் வாங்கவில்லை.

முதலில் விண்டோஸோடு சேர்ந்தே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் தொடங்கும் முன்பே நடக்கும் சோதனை). கணினி ரீஸ்டார்ட் ஆகிக் கால் மணி நேரம் ஓடியது, ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் மால்வேர்பைட்ஸ் என்ற தீம்பொருள் நீக்கும் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் போடச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. பிடிஎஃப் மாற்றும் கருவி ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்த எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேரும் துணை நிரல்) காட்டிக்கொடுத்தது. நீக்கியதும் முகப்புப் பக்கம் சரியானது.

எதிர்பாராதது: திரையின் மூலையில் வரும் 'வைரஸ் இருக்கிறது' எச்சரிக்கைகள் மட்டும் நிற்கவில்லை. அது வைரஸே இல்லை, ஏதோ ஒரு தளத்துக்கு நானே (சத்தியமாக நினைவில்லை) கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி! பிரவுசர் செட்டிங்ஸில் ரத்து செய்ததும் அடங்கிவிட்டது.

இலவசப் பதிப்பு நாமாக ஓட்டினால்தான் ஸ்கேன் செய்யும். அதனால் எப்போதும் காவலுக்கு டிஃபெண்டரையே விட்டிருக்கிறேன்.