89 மாடல் புல்லட் லிட்டருக்கு 22 தான் குடுக்குது, கார்பரேட்டரை மாத்திரலாமா?

தங்கச்சிமடத்துக்காரன்:

வணக்கம் அண்ணன்மாரே. எங்கப்பாவோட புல்லட் 350, 89 மாடல், காஸ்ட் அயர்ன் எஞ்சின், மிக்கார்ப் கார்பரேட்டர், பாயிண்ட் செட்டு (பிளக்குக்கு பொறி போக தொறந்து மூடுற சுவிட்சு), எதையும் மாத்தல. கருவாட்டு யாவாரத்துக்கு பின்னாடி ரெண்டு ஓலப்பெட்டிய கட்டிக்கிட்டு பரமக்குடி வரைக்கும் ஓட்டுன வண்டி. அவரு போனப்புறம் ஆறு வருசம் கொட்டாய்க்குள்ள சாக்கு போத்தி நின்னுச்சு, போன மாசியிலதான் எடுத்து ஆயில், டயர், கிளட்ச் பிளேட் எல்லாம் போட்டு ரெடி பண்ணேன்.

சத்தம் பழைய சத்தமேதான், தெருவுல திரும்பி பாக்குறாய்ங்க. ஆனா பெட்ரோல்தான் தாங்க முடியல. அப்பா காலத்துல லிட்டருக்கு 35 குடுத்துச்சுன்னு அம்மா சொல்லுது, கணக்கு நோட்டு எழுதுனது அம்மாதான் அதனால பொய்யா இருக்காது. எனக்கு 22. ராமநாதபுரத்துல வேலை, போக வர கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அப்ப தெனம் நானூறு ரூபாய்க்கு மேல எண்ணெய்க்கே போகுது, சம்பளத்த வாங்கி பங்க்ல குடுத்துட்டு வர்ற கதைதான்.

பிளக்க கழட்டுனா வெளக்குக் கரி மாதிரி கருப்பா இருக்கு. காலைல கொட்டாய்க்குள்ள பெட்ரோல் வாடை. மெதுவா போறப்ப கொஞ்சம் திக்குது, பாம்பன் பாலத்துல ஏறுனா 60க்கு மேல மூச்சு வாங்குது. ஒரு மெக்கானிக்குட்ட காட்டுனேன், கார்பரேட்டர்ல பெட்ரோல் விடுற மெயின் ஜெட்டு ஓட்டைக்குள்ள ஒரு காப்பர் இழைய விட்டு "இனி அஞ்சு கிலோமீட்டர் கூடும் பாரு"ன்னாரு. ஒரு கிலோமீட்டர் கூட கூடல, மேல வேகத்துல எஞ்சின் சூடுதான் கூடிருச்சு. புதுசா கார்பரேட்டர் வாங்கிரவா, இல்ல வேற என்ன பாக்கணும்? தெரிஞ்சவுக சொல்லுங்க.

ஆர்எக்ஸ் வெறியன்:

மாப்ள பேசாம 28 மிமீ கார்பரேட்டர் ஒன்ன மாட்டி, ஏர் ஃபில்டர தூக்கிட்டு கோன் ஃபில்டர் போடு. பாலத்துல 90 பறக்கும். புல்லட் வச்சுக்கிட்டு மைலேஜ் கேக்குறது யானைய கட்டிக்கிட்டு தீனிக்கு அழுவுற மாதிரி 😂

கீழக்கரை காக்கா:

தம்பி, மொதல்ல அந்த காப்பர் இழைய வெளிய எடு. இன்னைக்கே எடு. மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன்னா மெயின் ஜெட்டு வேலை செய்யிறது த்ராட்டில முக்காலுக்கு மேல முறுக்குறப்பதான். கால் த்ராட்டில் வரைக்கும் சின்ன பைலட் ஜெட்டும் காத்து அளவு வைக்கிற ஏர் ஸ்க்ரூவும், அதுக்கு மேல முக்கால் வரைக்கும் த்ராட்டிலோட ஏறி எறங்குற நீடிலும் அது போய் வர்ற நீடில் ஜெட்டும். நீ 50, 55ல போறவன், மெயின் ஜெட்டு உனக்கு வேலைக்கே வரல, அதை அடைச்சா மைலேஜ் எங்கிட்டு கூடும்? பாலத்துல காத்துக்கு எதுத்து முழுசா முறுக்குறப்ப மட்டும் பெட்ரோல் பத்தாம எஞ்சின் காயும், ஒருநாள் பிஸ்டன் புடிச்சு நடு ரோட்டுல பின் வீலு லாக் ஆகும். எனக்கு ஆயிருக்கு, உச்சிப்புளி தாண்டி, லாரி ஒண்ணும் பின்னாடி வராததால இன்னைக்கு உக்காந்து டைப் பண்றேன்.

ரெண்டாவது, 22ங்குறத யாரு சொன்னா? ஓடோமீட்டர்தான? பழைய கேபிள், பழைய மீட்டர், அதை நம்பாத. மதுரை ராமேஸ்வரம் ரோட்டுல கிலோமீட்டர் கல்லு இருக்குல்ல, பத்து கல்லு எண்ணி மீட்டரோட ஒத்துப் பாரு. அப்புறம் டேங்க வாய் வரைக்கும் ரொப்பி, ஓட்டி, அதே பங்க்ல அதே மாதிரி ஸ்டாண்டு போட்டு மறுபடி ரொப்பி கணக்கு போடு. ஒரு பக்கம் மட்டும் ஓட்டிட்டு கணக்கு போடாத. இப்ப கச்சான் காத்து அடிக்குது, நீ காலைல மேக்க போறப்ப மூஞ்சில அறையும், சாயங்காலம் அதுவே தள்ளிட்டு வரும். போக வர சேத்து ஒரு வாரம் பாத்தாத்தான் அது மைலேஜ்.

மூணாவது, இதுதான் என் சந்தேகம். பாயிண்ட் மூடிய கழட்டி பிளேட்டுக்கு அடியில பாரு, ரெண்டு வெயிட்டும் ரெண்டு சின்ன ஸ்ப்ரிங்கும் இருக்கும், ஆட்டோ அட்வான்ஸ். வேகம் கூடக்கூட வெயிட்டு விரிஞ்சு டைமிங்க, அதாவது பொறி விழுற நேரத்த, முன்னாடி கொண்டு போகும். ஆறு வருசம் கடக்கரையில நின்ன வண்டி, அது துருப் புடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்தா டைமிங் எப்பவும் லேட்டாவே இருக்கும். பெட்ரோல் எரியிறதுல பாதி பிஸ்டன தள்ளாம சைலன்சருக்குள்ள சூடாப் போயிரும், நீ அதே வேகத்துக்கு இன்னும் முறுக்குவ. பாயிண்ட தொறக்குற கேமை விரலால திருப்பி விட்டுப் பாரு, டப்புனு திரும்பி வரணும். சோம்பேறி மாதிரி நின்னா அதுதான் உன் திருடன். சைலன்சர் பெண்டு நீலம் பாஞ்சிருந்தாலும் சந்தேகப்படு.

அதைப் பிரிச்சு கெரசின்ல கழுவி, ஒரு சொட்டு ஆயில் விட்டு, பாயிண்ட் கேப்பு 0.35ல இருந்து 0.40 மிமீக்குள்ள வச்சு, அப்புறம் டைமிங் வை. வெயிட்டு மடங்குன நிலையில பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மிமீ முன்னாடி பாயிண்ட் திறக்கணும். பீடிக் கட்டு சுத்தி வர்ற மெல்லிசு தாள பாயிண்டுக்கு நடுவுல வச்சு லேசா இழுத்துக்கிட்டே இரு, தாள் விடுபடுற எடம்தான் திறக்குற எடம். எங்க உஸ்தாத் சொல்லிக் குடுத்தது, மீட்டரெல்லாம் வேணாம்.

கார்பரேட்டர தொடுறது இதுக்கெல்லாம் அப்புறம்தான். எல்லாரும் கார்பரேட்டர் ஸ்க்ரூவத்தான் மொதல்ல திருப்புறாய்ங்க, ஏன்னா அதுதான் கைக்கு எட்டுது.

லாஞ்சு மெக்கானிக் மண்டபம்:

காக்கா சொன்னது சரி, ஆனா காலைல பெட்ரோல் வாடை வருதுன்னு எழுதிருக்காரே, அதை விட்டுட்டீக.

ராத்திரி நிறுத்துறப்ப பெட்ரோல் டேப்ப தொறந்தே வச்சு, ஓவர்ஃப்ளோ டியூபுக்கு அடியில பேப்பர் ஒண்ண விரிச்சு வைங்க. காலைல பேப்பர்ல வட்டம் வட்டமா கறை இருந்தா, பெட்ரோல் ரொம்புனதும் வழிய அடைக்கிற ஃப்ளோட் நீடில் போச்சு. கழட்டி முனைய நகத்தால தடவிப் பாருங்க, மோதிரம் மாதிரி ஒரு வளையம் தட்டுப்படும், அது இருந்தா அடைக்காது. ஃப்ளோட்ட, அந்த மிதவைய, காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, உள்ள சலசலன்னா அதுவும் அவுட்டு. பவுல்ல, அதான் கார்பரேட்டர் அடிக்கிண்ணத்துல, பெட்ரோல் மட்டம் ஏறி நின்னா எல்லா த்ராட்டில்லயும் ரிச்சாத்தான் (பெட்ரோல் கூடுதலா) ஓடும், பிளக்கு கருப்பாகாம என்ன செய்யும்.

அடுத்து சோக்கு. இதுல சோக்கு வேற ஒண்ணுமில்ல, லிவர தூக்குனா ஒரு பிளஞ்சர் மேல வந்து கூடுதலா பெட்ரோல் விடுற தனி வழி. பிளஞ்சர் அடியில ஒரு சின்ன ரப்பர் இருக்கும், அது கல்லு மாதிரி எறுகிப்போனா லிவர் கீழ இருந்தாலும் வழி மூடாது. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, நாள் பூரா அரை சோக்குல ஓட்டிக்கிட்டு இருப்பீக.

நீடில் ஜெட்டும் அப்படித்தான். பித்தளை, நீடில் அதுக்குள்ள ஆடி ஆடி ஓட்டை முட்டை வடிவாயிரும், கண்ணுக்கு தெரியாது. மாத்துனா நீடிலையும் ஜெட்டையும் சேத்து மாத்துங்க. ஜெட்டுக்குள்ள ஊசி, குண்டூசி எதையும் விடாதீக, காத்து அடிச்சு கிளீனர் போட்டா போதும்.

நம்ம பக்கம் உப்புக்காத்துல கார்பரேட்டர் பாடிக்குள்ள வெள்ளையா பூத்துப் போயிருக்கும். லாஞ்சுல எஞ்சின் பார்ட்டு எல்லாம் பாத்து பாத்து அலுத்துட்டேன், அந்த வெள்ளப் பொடிய சொரண்டாம கழுவி எடுங்க, பைலட் ஓட்டைய அடைக்கிறது பெரும்பாலும் அதுதான். கார்பரேட்டர் உக்காருற ஃப்ளேன்ஜ் மேல ஒரு இரும்பு ஸ்கேல வச்சு வெளிச்சத்துல பாருங்க, நட்ட முறுக்கி முறுக்கி வளைஞ்சிருந்தா காத்து உள்ள போகும். கண்ணாடி மேல எமரி பேப்பர விரிச்சு எட்டு போட்டு தேச்சா நேராயிரும்.

ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, அப்பா காலத்து 35 இப்ப வராது. இப்ப பங்க்ல வர்றது இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். அதுல ஒரு லிட்டருக்கு பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு சக்திதான், அப்ப மொத்தத்துல ஆறு ஏழு சதவீதம் கொறையத்தான் செய்யும். எத்தனாலுக்கு எரிய காத்தும் கம்மியாத்தான் வேணும், அதனால அந்தக் காலத்து ஜெட்டிங் இதுல ஏற்கனவே கொஞ்சம் லீனாத்தான் (பெட்ரோல் கம்மியா) ஓடுது. அதுக்கு மேல ஜெட்ட அடைக்கிறது வெந்த புண்ணுல வேல பாய்ச்சுற மாதிரி. தண்ணியையும் இழுக்கும், ரொம்ப நாள் நிக்கப்போற வண்டின்னா பவுல வடிச்சு விட்டுருங்க.

ஆர்எக்ஸ் வெறியன்:

சரி சரி, 28 மிமீ வாபஸ். இருந்தாலும் கோன் ஃபில்டர்?

கீழக்கரை காக்கா:

தனுஷ்கோடி மணல உனக்கு எஞ்சினுக்குள்ள போடணும்னு ஆசையா மாப்ள? ஒரிஜினல் ஃபில்டரே இருக்கட்டும்.

தங்கச்சிமடத்துக்காரன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, ஒண்ணொண்ணா பாத்தேன், ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துனா எது கைகுடுத்துச்சுன்னு தெரியாதுல்ல.

காப்பர் இழைய அன்னைக்கே எடுத்துட்டேன். மீட்டரு பத்து கல்லுக்கு ஒம்போதுதான் காட்டுது! அப்ப என் 22 மொதல்ல இருந்தே 24 சொச்சம். ஓசிலயே ரெண்டு கிலோமீட்டர் கெடச்சுச்சு 😄

பேப்பர் வச்சுப் பாத்தேன், காலைல பேப்பர் நனஞ்சு தரையோட ஒட்டிக் கெடந்துச்சு. ஃப்ளோட் நீடில்ல அந்த வளையம் நகத்துல நல்லாவே தட்டுப்பட்டுச்சு. சோக்கு ரப்பரும் எறுகிப்போய் ஓரத்துல பிஞ்சிருந்துச்சு. ரெண்டும் மாத்துனதுல வாடை நின்னுச்சு, திக்குறது போச்சு, ஒரு வாரக் கணக்குல 28. பின் பிரேக்கும் லேசா உரசிக்கிட்டே இருந்துச்சு, அதையும் லூஸ் பண்ணேன்.

அப்புறம் காக்கா சொன்ன மூடிய தொறந்தேன். ஒரு வெயிட்டு ஆடுது, இன்னொண்ணு செவப்பா துருவுல ஒட்டி அசையவே இல்ல. கெரசின்ல ரெண்டு நாள் ஊறப்போட்டேன். பீடித் தாளுக்கு பக்கத்து வீட்டு தாத்தாகிட்ட போனேன், டைமிங் வைக்கவான்னு அவரே கேட்டாரு, அப்பாவும் இப்படித்தான் வந்து வாங்கிட்டுப் போவாராம். மாட்டிட்டு பாலத்துல ஏறுனா மூணாவது கியருக்கு எறங்காமலே ஏறுது. இப்ப 32. பிளக்கு நுனி காப்பித்தூள் கலருக்கு வந்துருச்சு, அடியில மட்டும் இன்னும் கொஞ்சம் கரி.

ஏர் ஸ்க்ரூ இப்ப முழுசா உள்ள விட்டு ஒண்ணரை சுத்து வெளிய, அதுக்கு மேல வெளிய திருப்புனா ஐடில் ஏறி எறங்குது. நடு த்ராட்டில்லதான் இன்னும் லேசா ரிச்சுன்னு தோணுது, நீடில் ஜெட்டா இருக்குமோ?

லாஞ்சு மெக்கானிக் மண்டபம்:

அதேதான். நீடில் கிளிப்ப ஒரு காடி மேல போட்டுப் பாருங்க, நீடில் எறங்கி கொஞ்சம் லீனாகும். அது தற்காலிகம்தான், ஜெட்டு தேஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும். கிட்டு வாங்குறப்ப பழசையும் கையோட கொண்டு போய் நம்பர ஒத்துப் பாத்து வாங்குங்க, டூப்ளிகேட் நிறைய சுத்துது.

தங்கச்சிமடத்துக்காரன்:

சரிண்ணே. ராமநாதபுரத்துல ரெண்டு கடைல கேட்டேன், இல்லைன்னுட்டாய்ங்க. ஞாயித்துக்கிழமை மதுரை போறேன், பஸ்ல இல்ல, வண்டிலயே. யாருக்காவது ஒரிஜினல் நீடில் செட்டு வேணும்னா இப்பவே சொல்லிருங்க, சேத்து வாங்கியாறேன்.

கீழக்கரை காக்கா:

எனக்கு ஒண்ணு. பாயிண்ட் செட்டும் ரெண்டு.