மறுமொழி: ‘பார்க்கிங் பால்’ – தரிப்புக்கொண்டி என்கலாமா?

வணக்கம். ஆட்டோமேட்டிக் காரில் லிவரை ‘பி’ (பார்க்) நிலையில் வைத்தால் நின்ற வண்டியை உருளாமல் பிடிக்கும் சிறு இரும்பு நாக்குதான் ‘பார்க்கிங் பால்’ (parking pawl). நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்குக் ‘கொண்டி’ என்று முடியும் ஒரு பெயரை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கருத்துகளுக்கு இது என் பதில்.

> ‘பார்க்கிங் பூட்டு’ என்றாலே போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பூட்டு என்று கேட்டால் ‘இனி வண்டி அசையாது’ என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சில மாதங்களுக்கு முன் குன்னூரில் சரிவான ஒரு சந்தில் என் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்தினேன். பிரேக்கை மிதித்து, லிவரைப் ‘பி’யில் தள்ளி, காலை எடுத்துவிட்டேன். வண்டி நாலு விரல்கடை இறங்கி நின்றது. அப்புறம்தான் கைப்பிரேக்கை இழுத்தேன். காலையில் லிவர் வரவே இல்லை. பலமாக இழுத்ததும் ‘டங்’ என்று ஒரு சத்தம். இருக்கை வரை அதிர்ந்தது. மெக்கானிக்கிடம் சொன்னபோது ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டி, “இத்துனூண்டு இரும்புலதான் சார் ராத்திரி பூரா வண்டி தொங்கியிருக்கு” என்றார்.

கியர்பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு விசை போகும் தண்டில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. ‘பி’ போட்டால் இந்த இரும்பு நாக்கு இரண்டு பற்களுக்கு நடுவே இறங்கும். பல்லின் தலையில் உட்கார்ந்துவிட்டால், வண்டி கொஞ்சம் உருண்டதும் ஸ்பிரிங் அதைப் பள்ளத்தில் தள்ளிவிடும். ஓடும் வண்டியில் போட்டாலோ இறங்க முடியாமல் கடகடவென்று தட்டித் தட்டி முனை மழுங்கும்.

> தேருக்கு முட்டுக்கட்டை போடுவோமே, அந்தச் சொல்லையே எடுக்கலாம்.

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் முட்டுக்கட்டை பாரத்தைத் தாங்குவதற்கென்றே சக்கரத்தடியில் போடுவது. இந்த நாக்கின் மேல் பாரம் ஏற்றாமல் இருப்பதல்லவா நல்ல பழக்கம்? பிரேக்கை மிதித்து, ‘என்’னில் (நியூட்ரல்) வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, காலை மெல்லத் தளர்த்த வேண்டும். பாரம் கைப்பிரேக்கில் உட்கார்ந்த பிறகு மறுபடி மிதித்துப் ‘பி’ போட வேண்டும். கிளம்பும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் ‘பி’யிலிருந்து எடுத்துவிட்டு, அப்புறம் கைப்பிரேக்கை விட வேண்டும்.

அதனால்தான் ‘கொண்டி’ என்கிறேன். கதவு ஆடாமல் இருக்கக் கொண்டி மாட்டுகிறோம். கொண்டியை நம்பிக் கதவில் யாரும் சாய்வதில்லை. பள்ளத்தில் போய் விழுவதும் இரண்டுக்கும் பொது. ‘கொண்டி மாடு’ (பிறர் பயிரை மேயும் மாடு) நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தனிச்சொல்லாக நின்றால் வரலாம், கூட்டுச்சொல்லில் வராது.

முன்னொட்டில் நான் தோற்றுப்போனேன் என்பதைச் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்கிறேன். நான் முன்வைத்தது ‘நிறுத்தக்கொண்டி’. இங்கே எழுதும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அதைத் ‘தரிப்பு’ என்று திருத்தினார். இலங்கையில் வாகனத் தரிப்பிடம் என்பது அன்றாடச் சொல். நமக்கோ சிக்னலில் நிற்பதும் நிறுத்தம், வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவதும் நிறுத்தம். ஓடும் வண்டியை நிறுத்துவது பிரேக்கின் வேலை. நின்றதைத் தரிக்கவைக்கும்போதுதான் கொண்டிக்கு வேலை வருகிறது. இந்த வேறுபாடு பெயரிலேயே வந்துவிடுகிறது.

ஒலிபெயர்ப்பு மட்டும் வேண்டாம். ‘பார்க்கிங் பால்’ என்று எழுதினால் பசும்பாலா பந்தா என்றுதான் படிப்பவர் யோசிப்பார். கொண்டை ஊசி வளைவு என்ற சொல்லை மலைப்பாதை ஓட்டுநர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எடுத்துக்கொண்டார்கள். கண்ணால் பார்த்த பொருள் அதில் இருந்தது. கொண்டியும் அப்படி ஒட்டும் என்று நம்புகிறேன்.

விளக்கத்தில் ‘எல்லாத் தானியங்கி வண்டிகளிலும்’ என்று போட்டுவிடாதீர்கள். 2014இல் மாருதி செலேரியோ காரோடு இங்கே பரவத் தொடங்கிய ஏஎம்டி (மேனுவல் கியர்பெட்டியிலேயே கிளட்சும் கியரும் தானாக மாறும்) வண்டிகளில் பெரும்பாலும் ‘பி’ நிலையே கிடையாது. எஞ்சினை அணைத்து, கியரிலேயே விட்டு, கைப்பிரேக்கை இழுப்பதுதான்.

பதிவுக்கு என் வரைவு:

தரிப்புக்கொண்டி: ‘பி’ நிலையில் கியர்பெட்டியின் பல்சக்கரத்தில் விழுந்து, நின்ற வண்டியை உருளாமல் பிடிக்கும் இரும்பு நாக்கு. அது விழும் சக்கரம், கொண்டிச்சக்கரம்.

‘நாக்கு’ என்பதற்குப் பதில் ‘நெம்பு’ சரியாக இருக்குமா என்று பட்டறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.