நம்ம வீட்டு குரூப்: மான் எங்கே மேயும்?

பாபு (பென்சில்வேனியா): 📷 படம்

சித்தப்பா: என்னடா, மரத்து உச்சியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய்? மான் எங்கே?

பாபு: மான் தின்னப்போகிற தீனி சித்தப்பா அது. வெள்ளை ஓக். ஆகஸ்டிலேயே பைனாகுலரில் அண்ணாந்து பார்த்தால் கொப்பில் காய் பிடித்திருப்பது தெரிந்துவிடும். அக்டோபர் தொடக்கத்தில் வில்லால் மான் வேட்டையாடும் சீசன். அதற்குள் எந்த மரம் காய்த்திருக்கிறது, எது பொய்த்துவிட்டது என்று குறித்துவைக்க வேண்டும். கம்பளிப்புழு இலையை மொட்டையடித்த மேட்டுப்பக்கம் ஒரு காய்கூட இல்லை.

தேனு: எல்லா ஓக்கும் ஒன்றுதானே அண்ணா?

பாபு: இல்லை தேனு. இலையின் மடல்கள் உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக், நுனி முள் மாதிரி கூராக இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளையின் கொட்டை அதே வருடம் முற்றி செப்டம்பரில் உதிர ஆரம்பிக்கும், துவர்ப்பும் குறைவு. சிவப்பு முற்ற இரண்டு வருடம் ஆகும், துவர்ப்பு அதிகம். மான் முதலில் வெள்ளையைக் காலி செய்துவிட்டு அப்புறம்தான் சிவப்புக்கு வரும்.

அத்தை: அதற்கும் நாக்கு நீளம்தான் 😄

அம்மா: வாயில்லா ஜீவனைத் துரத்துவதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா!

சித்தப்பா: நம் ஊரில் மானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான் அண்ணி. அங்கே லைசென்ஸ் கொடுத்தே சுடச்சொல்கிறார்கள். சரி பாபு, ஏதோ விதைக்கிறேன் என்றாயே?

பாபு: பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து மான் மேய அரை ஏக்கர். வசந்தத்தில் குளோவர் என்ற தீவனச் செடி போட்டோம், இப்போது ஆகஸ்ட் தொடக்கத்தில் டர்னிப் கிழங்கு.

சித்தப்பா: மண் பரிசோதனை?

பாபு: செய்தோம். பிஹெச் 5.4.

சித்தப்பா: அமில மண். சுண்ணாம்பு போடாமல் எந்த உரத்தைக் கொட்டினாலும் வீண். போட்டாலும் மண் மாற மாதக்கணக்கில் ஆகும். குளோவர் தக்கைப்பூண்டு மாதிரி வேர்முடிச்சு உள்ளதுதானே?

பாபு: ஆமாம், தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

தேனு: மேய்வது மான்தான் என்று எப்படித் தெரியும்? முயலாக இருந்தால்?

பாபு: 📷 இந்தத் தண்டைப் பெரிதாக்கிப் பார். நுனி நார் நாராகக் கிழிந்திருக்கிறதா? மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, இழுத்துப் பிய்க்கும். முயல் கடித்தால் கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும்.

சித்தப்பா: ஆடு மாட்டுக்கும் மேலே முன்பல் இல்லை. அது சரி, மான்தான் வயலுக்கே வருகிறதே, அங்கேயே உட்கார வேண்டியதுதானே? காட்டில் ஏன் அலைகிறாய்?

பாபு: இங்கே பாதிப் பேர் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். இப்போது சாயங்காலமானால் குளோவரில் மான் நிற்கிறது. கொட்டை உதிர ஆரம்பித்ததும் வயல் வெறிச்சோடிவிடும். ஓக் பொய்த்த வருடம்தான் வயல் கைகொடுக்கும். டர்னிப் இலையும் உறைபனி விழுந்த பிறகுதான் இனிக்கும், அதற்கு முன் பல இடங்களில் மான் சீண்டாது. அதனால் எனக்கு ஓக் முதல், வயல் அப்புறம்.

தேனு: மக்காச்சோளத்தைக் கொட்டிவைத்தால் வந்துவிடாதா?

பாபு: அப்படி இரை போட்டு வேட்டையாடுவது இங்கே குற்றம். விதைத்து வளர்த்தால் தப்பில்லை.

அம்மா: அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் புல்லில் உண்ணி இருக்குமே, லைம் நோய் வரும் என்று நீதானே சொன்னாய்? குளித்தாயா?

பாபு: இப்போதுதான் வந்தேன்மா. பேன்டை சாக்ஸுக்குள் விட்டுத்தான் போயிருந்தேன்.

அம்மா: முதலில் குளி. முழங்கால் மடிப்பு, காது பின்னால் எல்லாம் பார்.

சித்தப்பா: குளித்துவிட்டு அந்த மண் பரிசோதனைத் தாளை அனுப்பு. ஏக்கருக்கு எவ்வளவு சுண்ணாம்பு எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.