உப்பு ஏரியில் விழும் ஆற்றுநீர் வீணா? யூட்டாவின் பெரிய உப்பு ஏரி குறித்து ஒரு விவாதம்

கீழணைக்காரன்:
முப்பது வருடம் மதகும் வாய்க்காலும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மகள் வீட்டில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். இங்கே பெரிய உப்பு ஏரி வற்றுகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. போன வாரம் போய்ப் பார்த்தேன். படகுத்துறையைத் தாண்டி, வெடித்த சேற்றில் வெகுதூரம் நடந்த பிறகுதான் தண்ணீரில் கால் வைக்க முடிந்தது.

என் கேள்வி இதுதான். பேர், வெபர், ஜோர்டான் என்று மூன்று ஆறுகள் மலைப்பனி உருகிய நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து இந்த ஏரியில் சேர்க்கின்றன. ஏரியிலிருந்து வெளியே போக வழி கிடையாது. வந்ததெல்லாம் வெயிலில் ஆவியாகிறது. அந்த நீரைக் குடிக்க முடியாது, வயலுக்குப் பாய்ச்ச முடியாது, பிடிக்க மீனும் இல்லை. மேலேயே வயலுக்குத் திருப்பினால் விளைச்சலாவது மிஞ்சும்.

1987-இல் இதே ஏரி பெருகி, சாலையையும் ரயில் பாதையையும் மிரட்டியது. மாநில அரசே பெரிய பம்புகளை வைத்து மேற்குப் பாலைவனத்துக்கு நீரை இறைத்தது. ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு. அதற்காக விவசாயியின் தண்ணீரை ஏரிக்கு விடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

இறால்குஞ்சு:
ஐயா, நான் மரக்காணம் பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் 12 வருடமாக வேலை செய்கிறேன். அந்த ஏரியை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஏரியின் பெயர் போட்ட டப்பாவை அடிக்கடி திறக்கிறேன்.

டப்பாவுக்குள் இருப்பது ஆர்டீமியா முட்டை. ஆர்டீமியா என்பது உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிர். பார்த்தால் காப்பித்தூள் போலிருக்கும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். 28 டிகிரி கடல்நீரில் போட்டு, காற்றடித்து, விளக்கு வைத்தால் மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறத்தில் துடித்துக்கொண்டிருக்கும். பண்ணையில் வளர்க்கும் வனாமி இறாலின் இளங்குஞ்சு இதைத் தின்றுதான் தேறுகிறது. உலகச் சந்தைக்கு வரும் ஆர்டீமியா முட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீங்கள் கால் வைத்த அந்த ஏரியிலிருந்து வருகிறது. அந்தத் தண்ணீரில் விளைச்சல் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மீன் இல்லை என்கிறீர்கள். மீன் இல்லாததால்தான் ஆர்டீமியா இருக்கிறது. அதைத் தின்னும் மீனால் அந்த உப்பில் பிழைக்க முடியாது.

கீழணைக்காரன்:
தம்பி, இது எனக்குப் புதிய செய்தி. நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். உப்பில் வாழும் உயிர் என்றால், ஏரி சுருங்கி உப்பு கூடினால் அதற்கு இன்னும் நல்லதுதானே? மேலும் வரத்து குறைந்தால் மட்டம் இறங்கும், பரப்பு சுருங்கும், ஆவியாதலும் குறையும். ஓர் இடத்தில் ஏரி தானே நின்றுவிடும். எந்த நீர்த்தேக்கத்துக்கும் இதுதான் கணக்கு. கொஞ்சம் சிறிய ஏரி, அவ்வளவுதானே?

உப்பளத்து மகன்:
அண்ணே, நீரின் கணக்கு சரி. உப்பின் கணக்கை விட்டுவிட்டீர்கள்.

தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு எங்கேயும் போகாது. ஏரியின் கொள்ளளவு பாதியானால் உப்பின் செறிவு இரண்டு மடங்காகும். நீங்கள் சொல்கிறபடி ஏரி ஓர் இடத்தில் நிற்கும்தான். உப்பு கூடிய நீர் மெதுவாக ஆவியாகும் என்பதால் உங்கள் வாதத்துக்கு இன்னும் கொஞ்சம் பலம்கூட உண்டு. ஆனால் அது நிற்கும் இடத்தில் உயிர் இருக்குமா என்பதுதான் கேள்வி.

எங்கள் குடும்பம் தூத்துக்குடியில் மூன்று தலைமுறையாக உப்பளம் நடத்துகிறது. முதல் பாத்திக்கு வரும் கடல்நீரில் சிறு மீன், நண்டு எல்லாம் இருக்கும். அடுத்தடுத்த பாத்திகளில் மீன் இருக்காது, ஆர்டீமியா மிதக்கும். அதற்கும் அப்பால் உப்பு விளையும் பாத்தியில் ஆர்டீமியாவும் இருக்காது, சிவப்பு நீர் மட்டும்தான். ஒரே கடல்நீர்தான், டிகிரி (வெப்பமல்ல, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் போமே டிகிரி) ஏற ஏற ஒவ்வொரு உயிராக விலகிக்கொள்ளும். தாதுவும் அப்படித்தான் பிரியும். முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், 25 டிகிரி வாக்கில் உப்பு. கடைசியில் மெக்னீசியம் சேர்ந்த கசப்பு நீர் மிஞ்சும்.

யூட்டாவில் இது பிரம்மாண்டமாக நடக்கிறது. 1959-இல் ஏரியின் குறுக்கே பாறை கொட்டி ரயில் பாதை போட்டார்கள். மூன்று ஆறுகளும் தெற்குப் பாதியில் விழுகின்றன. வடக்குப் பாதிக்கு நல்ல நீர் வரத்தே இல்லை. தெற்கிலிருந்து கசியும் உப்புநீர்தான் அங்கே போய்க் காய்கிறது. ஆகவே வடக்கு கிட்டத்தட்ட எங்கள் கடைசிப் பாத்தி மாதிரி: 25 சதவீதத்துக்கு மேல் உப்பு, இளஞ்சிவப்பு நீர், உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள். ஆர்டீமியா செழிப்பது தெற்கில்தான்.

அந்தத் தெற்குப் பாதியில் 12 முதல் 16 சதவீதம் வரை உப்பு இருந்தால் நல்லது என்பார்கள். 2022 இலையுதிர் காலத்தில் அது 19 சதவீதம் வரை போனது. அந்த அளவில் ஆர்டீமியாவும், ஏரியில் வாழும் இன்னோர் உயிரான உப்பு ஈயும் தங்கள் உடலிலிருந்து உப்பை வெளியேற்றுவதிலேயே சக்தியைச் செலவழித்துவிடும். வளர்ச்சிக்கும் முட்டைக்கும் மிஞ்சாது. அவை தின்னும் பாசியும் குறையும்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் சொன்ன அதே 1980-களின் வெள்ளத்தில் தெற்கே உப்பு ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு இறங்கியது. அப்போது வேட்டையாடும் நீர்ப்பூச்சி ஒன்று உள்ளே புகுந்து, ஆர்டீமியாவைத் தின்று தீர்த்தது. ஆகவே ‘உப்பில் வாழும் உயிர்’ என்பதைவிட ‘இந்த அளவு உப்பில் வாழும் உயிர்’ என்று சொல்ல வேண்டும். அந்த அளவைப் பிடித்து வைத்திருப்பது ஆறு கொண்டுவரும் நல்ல நீர்தான்.

வரப்போரம்:
எல்லாரும் ஏரியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஈரோட்டுப் பக்கம் பத்து மாடு வைத்து, குதிரைமசால் பயிரிடுகிறவள். யூட்டாவில் ஏரிக்கு வரும் நீரில் பெரும்பங்கை எடுப்பது விவசாயம், அதிலும் முக்கியமாகக் குதிரைமசாலும் வைக்கோலுக்கான புல்லும் என்று படித்தேன். உடனே ‘மாட்டுத்தீவனத்துக்கு இவ்வளவு தண்ணீரா’ என்று எழுதிவிடுகிறார்கள். தீவனம் இல்லாமல் பால் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. அமெரிக்க மேற்கு மாநிலங்களில் நீர் உரிமை என்பது முதலில் எடுத்தவனுக்கு முதல் உரிமை. எடுத்துப் பயன்படுத்தாமல் விட்டால் உரிமையே பறிபோகும். அப்படிச் சட்டம் போட்டு வைத்துவிட்டு, விவசாயி ஏன் மிச்சப்படுத்தவில்லை என்று கேட்பது அநியாயம். நகரத்துப் புல்தரையைப் பற்றியும் பேசுங்கள்.

உப்பளத்து மகன்:
அக்கா, சட்டத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. 2022-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது விவசாயி தன் பங்கை ஏரிக்காகக் குத்தகைக்கு விடலாம், உரிமை போகாது. நகரத்துப் புல்தரையும் குறைய வேண்டும். ஆனால் பெரும்பங்கு வயலுக்குப் போகும்போது, வயலைத் தொடாமல் ஏரியை மீட்க முடியாது. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கீழணை அண்ணனின் ‘ஏறும், இறங்கும்’ வாதத்துக்கு வருகிறேன். 2017-இல் வந்த ஓர் ஆய்வு, ஆற்றுநீரை மனிதர் எடுக்காமல் இருந்திருந்தால் ஏரியின் மட்டம் ஏறத்தாழ 11 அடி கூடுதலாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. 1987-இன் உச்சத்துக்கும் 2022 நவம்பரின் அடிமட்டத்துக்கும் 23 அடிதான் வித்தியாசம். ஏறி இறங்குவது இயற்கைதான். ஆனால் அந்த ஊஞ்சலையே நாம் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறோம்.

கீழணைக்காரன்:
11 அடி என்பது சின்ன எண் அல்ல. தட்டையான ஏரியில் ஓர் அடி இறங்கினால் எத்தனை மைல் தரை வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் வாதம் பலவீனமானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அப்படியானால் பசிபிக் கடலிலிருந்து குழாய் போட்டால் என்ன? இங்கே சட்டமன்றத்திலேயே பேசியிருக்கிறார்கள். ஏரிதான் உப்பாயிற்றே, கடல்நீர் போதுமே. விவசாயியையும் தொட வேண்டாம்.

உப்பளத்து மகன்:
ஏரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவே மலைத்தொடர்கள். இறைக்கும் செலவை என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள்.

செலவை விடுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. ஒரு கன கிலோமீட்டர் கொண்டுவந்தால் 3.5 கோடி டன் உப்பும் கூடவே வரும். ஆற்றுநீரில் லிட்டருக்குப் பெரும்பாலும் ஒரு கிராம்கூட இருக்காது. வெளியேற வழியில்லாத ஏரியில் கடல்நீரை விட்டு ஆவியாக்குவதற்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான்: உப்பளம்.

இறால்குஞ்சு:
எங்கள் இறாலுக்காக மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முட்டை கிடைக்காவிட்டால் வேறு நாட்டு முட்டை வாங்குவோம், விலை ஏறும், எப்படியோ ஓட்டுவோம். பறவைகளுக்கு அந்த வசதி இல்லை. கறுங்கழுத்து முக்குளிப்பான்கள் இலையுதிர் காலத்தில் லட்சக்கணக்கில் அங்கே கூடுகின்றன. ஒரு பறவை நாளுக்கு 25,000-க்கும் மேல் ஆர்டீமியா தின்கிறது. பறக்க முடியாத அளவுக்குக் கொழுத்து, பிறகு தெற்கே கிளம்புகிறது.

வடக்குப் பாதியில் கன்னிசன் தீவு என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக் கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிய இடம். நீர் இறங்கியதும் தீவுக்குத் தரைவழி வந்துவிட்டது, கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற விலங்குகள் நடந்தே போகின்றன. 2023-இல் கூழைக்கடாக்கள் அந்தத் தீவைக் கைவிட்டன. அதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

வரப்போரம்:
கூழைக்கடா விஷயம் என் மனதையும் பிசைகிறது. ஆனால் மத்திய ஆசியாவின் ஆரல் கடலை மறக்காதீர்கள். அங்கே சோவியத் காலத்தில் பருத்திக்காக ஆமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளைத் திருப்பினார்கள், கடல் செத்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் மாஸ்கோவில் இருந்தார்கள். காய்ந்த படுகையிலிருந்து பறந்த உப்புப்புழுதியைத் தின்றது வயலில் நின்றவர்கள். யூட்டாவிலும் கடைசியில் சுமையைச் சுமக்கப்போவது சின்ன விவசாயிதான் என்பதே என் பயம்.

உப்பளத்து மகன்:
அந்தப் பயம் நியாயமானது. ஆரலிலேயே வேறொரு பாடமும் இருக்கிறது. 2005-இல் கொக்கரல் அணை கட்டி வடக்குத் துண்டைத் தனியாகப் பிரித்தார்கள். சிர் தாரியா நீர் அங்கேயே தங்கியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பியது. தெற்குத் துண்டைக் கைவிட வேண்டியிருந்தது. யூட்டாவிலும் 2023-இல் ரயில் பாதையில் நீர் போய்வர விட்டிருந்த திறப்பில் இருந்த தடுப்பை ஐந்து அடி உயர்த்தி, வடக்கின் உப்பு தெற்கே வராமல் தடுத்தார்கள். தெற்கு பிழைத்தது. ஆனால் வடக்குக்கு அதில் நீதி இல்லை.

புழுதியைச் சொன்னீர்களே. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரிக்கு வந்த ஆற்றைத் திருப்பியதில், 1920-களிலேயே அந்த ஏரி காய்ந்துபோனது. அந்தப் புழுதியை அடக்க நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. யூட்டா ஏரிப்படுகையில் ஆர்சனிக் என்னும் நச்சு இருக்கிறது, பக்கத்திலேயே லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள். கீழணை அண்ணே, உங்கள் மகள் வீடும் அங்கேதான்.

கீழணைக்காரன்:
பேத்திக்கு இழுப்பு இருக்கிறது. காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள் மகள். நான் அதை இந்த ஏரியோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

‘வீண்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வரப்போரம் கேட்டதை நான் விடமாட்டேன். நல்ல மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 4,198 அடி என்கிறார்கள். 2022-இன் அடிமட்டத்திலிருந்து அதற்கு ஏறக்குறைய பத்து அடி ஏற வேண்டும். அந்தப் பத்து அடியில் எத்தனை அடி எந்த வாய்க்காலிலிருந்து, என்ன விலைக்கு? அதை எழுதி வைக்காமல் மதகைத் திறக்கச் சொன்னால் நான் இன்னமும் எதிர்ப்பேன்.

வரப்போரம்:
குத்தகைத் தொகை ஒரு வருடத் தீவனத்தின் விலைக்காவது ஈடாக வேண்டும். மாட்டை விற்றுவிட்டு அடுத்த வருடம் திரும்ப வாங்க முடியாது.

இறால்குஞ்சு:
ஐயா, அக்டோபர் முதல் தேதி முட்டை அள்ளும் படகுகள் இறங்கும். நீரின் மேல் செம்பழுப்புக் கோடுகளாக முட்டை மிதக்குமாம். அதுவரை அங்கே இருப்பீர்களென்றால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பன்னிரண்டு வருடமாக டப்பாவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.