உமிச் சாம்பலுக்கு அரசுப் பணம் கொடுக்கலாமா?

அரவைமில்_வாரிசு (தஞ்சாவூர் பக்கம்):
போன வாரம் சுழற்சிப் பொருளாதாரம் பற்றி ஒரு கூட்டம், போயிருந்தேன். மத்திய அரசின் எம்எஸ்இ ஸ்பைஸ் திட்டத்தை விளக்கினார்கள். 2023 கடைசியில் வந்தது, கழிவைத் திரும்பப் பொருளாக்கும் சிறு தொழிலுக்கு இயந்திர விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 12.5 லட்சம் மானியம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு என்று மூன்றோடு முடித்துவிட்டார்கள். டெல்டாவில் ரப்பருக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது உமி. ஒரு டன் நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி விழும், அதையே பாய்லரில் எரித்து நெல் அவிக்கிறோம், கடைசியில் 40 கிலோ போல சாம்பல் மிஞ்சும். அதில் முக்கால்வாசிக்கு மேல் சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். சிமென்ட்டில் கலக்கலாம், உருக்காலையில் உருகிய இரும்பின் சூடு இறங்காமல் மேலே போர்த்துகிறார்கள். நாங்கள் லாரிக்குக் காசு கொடுத்துப் பள்ளத்தில் கொட்டுகிறோம், காற்றடித்தால் தெருவில் காயும் வேட்டியெல்லாம் கறுப்பு. 2020-ல் சட்டம் போட்டு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கி, புது எண்ணெய்க் கிணறு, உருக்காலை எதுவும் வேண்டாம் என்றார்கள், நல்லது. அப்படியானால் இங்கே மிஞ்சுகிற தொழில் இதுதானே, இதற்குப் பணம் தரக் கூடாதா?

பேங்க்_தாத்தா:
தம்பி, 31 வருஷம் கடன் மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், இயந்திர மானியம் என்று அறிவித்த மறுநாளே கொட்டேஷனில் விலை ஏறிவிடும். மானியத்தில் பாதி விற்கிறவன் பைக்குத்தான் போகும். இன்னொன்று, பல திட்டங்களில் அந்தப் பணம் உங்கள் கையில் வராது, வங்கியிலேயே 3 வருஷம் கிடந்து அப்புறம் கடனில் கழியும். அதனால் சில பேர் அந்த 3 வருஷம் மட்டும் தொழில் நடப்பதுபோல் காட்டுவார்கள். ஒரு முறை ஆய்வுக்குப் போனேன், வாழைநார் எடுக்கும் மெஷின் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருந்தது, மேலே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எல்லாம் மக்கள் வரிப்பணம்.

வாழைநார்_திருவையாறு:
ஐயா, அந்தக் கோழி எங்கள் வீட்டுக் கோழியாகக்கூட இருக்கலாம், எங்கள் மெஷினும் ஏழு மாதம் அப்படித்தான் கிடந்தது. ஏன் கிடந்தது என்று ஆய்வுக்கு வந்தவர் ஒருவராவது கேட்டாரா? வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கொல்லையிலிருந்து அதைத் தூக்கி வருவது தண்ணீரைச் சுமப்பதுதான், நார் கிடைப்பது கொஞ்சம். வெட்டிய தண்டைச் சீக்கிரம் உரிக்காவிட்டால் நார் பழுப்படிக்கும், வாங்குகிறவர் ஒரே நிறத்தில் கிலோக்கணக்கில் கேட்பார். திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையமே இருக்கிறது, விஷயம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கு இல்லாமல் போனது வண்டி வாடகைக்கும், முதல் ஆர்டரின் பணம் வரும்வரை நாலு பெண்களுக்குக் கூலி கொடுப்பதற்கும் ரொக்கம். மெஷினுக்கு மானியம் உண்டு, கூலிக்குக் கிடையாது என்றார்கள். பணமே தராதே என்று நீங்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, தவறான இடத்தில் தருகிறார்கள் என்று சொல்லுங்கள்.

குத்துவிளக்கு_கும்பகோணம்:
நீங்கள் இன்றைக்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பேர் வைத்ததை நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறோம். பாட்டியின் ஓட்டை அண்டாவை எடைக்கு எடுத்து, அது பட்டறைக்குப் போய் உருகி, நாச்சியார்கோவில் விளக்காகத் திரும்பி வருகிறது. வார்ப்புக்குக் காவிரி வண்டல், அந்த மண்ணையும் உதிர்த்து மறுபடி பிசைந்துகொள்வோம். எந்த அரசும் பத்து பைசா கொடுக்கவில்லை. கொடுத்தது என்ன தெரியுமா? 2024 அக்டோபரிலிருந்து, பதிவில்லாத பழைய பாத்திர வியாபாரியிடம் உடைசல் வாங்கினால் ஜிஎஸ்டியை வாங்குகிற நாங்களே கட்ட வேண்டும். அப்புறம் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் முதலில் ரொக்கமாகக் கட்ட வேண்டுமே. ஒரு கையால் வாங்கி மறுகையால் மானியம் என்று நீட்டுவதற்கு, சும்மா இருந்தாலே போதும்.

தாளடி_மன்னார்குடி:
எல்லோரும் கழிவு கழிவு என்கிறீர்கள், யாருடைய கழிவு? அறுவடை மெஷின் போன பிறகு வயலில் கிடக்கும் வைக்கோல் என் மாட்டுக்குத் தீனி. கட்டு கட்டுகிறவர் வந்து அவர் சொன்ன விலைக்கு எடுத்து, கேரளா லாரியில் ஏற்றுகிறார். குறுவை என்றால் மழையில் நனைந்து பாதி அழுகிவிடும். 2023 மத்திய பட்ஜெட்டில், சாணம், வைக்கோல் மாதிரிக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்க 500 ஆலைகள், மொத்த முதலீடு 10,000 கோடி என்றார்கள். அதில் ஒன்று மானியத்தோடு இங்கே வந்தால் வைக்கோலுக்குப் போட்டி வரும், விலை ஏறும், விற்கிறவனுக்குச் சந்தோஷம், சரி. ஆனால் நிலமில்லாமல் ரெண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அக்கா எங்கே போவார்? அவருக்கு யார் மானியம் தருவார்? உங்கள் கணக்குப் புத்தகத்தில் அவர் இல்லவே இல்லை.

அரவைமில்_வாரிசு:
தாளடி அண்ணே, வைக்கோல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், எனக்குப் பதிலில்லை. குத்துவிளக்கு அண்ணே, பித்தளை எடைக்கு எடை காசு, அதனால் அது தானாகச் சுற்றுகிறது, சாம்பலை யாரும் வாசலில் வந்து கேட்பதில்லை. தாத்தாவுக்கு: இயந்திரத்துக்குக் கொடுக்காதே என்றால் என் கதை அங்கேயே முடிந்தது. எங்கள் பழைய அடுப்பில் உமி சரியாக எரியாமல் கரி தங்கிச் சாம்பல் கறுப்பாக வருகிறது. அதிகமாகச் சூடேற்றினாலோ சிலிக்கா படிகமாகி, சிமென்ட்டுக்கு உதவாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் அடுப்பு வேண்டும், அதுதான் செலவு. பெரிய மில்காரர்கள் கைக்காசில் போட்டுவிட்டார்கள். சின்ன மில் அப்படிப் போட முடியுமா?

பேங்க்_தாத்தா:
அப்படியானால் வேறு மாதிரி கொடுக்கட்டும். அடுப்பின் பில்லுக்கு வேண்டாம், விற்ற சாம்பலுக்குக் கொடுக்கட்டும். எடைமேடைச் சீட்டும் வாங்கினவரின் ஜிஎஸ்டி பில்லும் காட்டினால் டன்னுக்கு இவ்வளவு. தார்ப்பாய் போர்த்தினால் ஒரு பைசா கிடையாது.

அரவைமில்_வாரிசு:
விற்ற பிறகு பணம், சரி. விற்பதற்கு முன் அடுப்பு எப்படி வரும்? உங்கள் வங்கி கடன் தருமா? போன வருஷம் ஒரு கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள்.

பேங்க்_தாத்தா:
கடன் உத்தரவாத நிதி 2000-லிருந்தே இருக்கிறது, சிறு தொழிலுக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதற்காகத்தான். இருந்தும் நாங்கள் பத்திரம் கேட்டோம். ஒப்புக்கொள்கிறேன். கடன் வாராக்கடனாகிவிட்டால் விளக்கக் கடிதம் எழுதுவது நான், டெல்லியில் திட்டம் போட்டவர் இல்லை.

வாழைநார்_திருவையாறு:
இதைத்தான் ஐயா முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தாளடி_மன்னார்குடி:
மில் தம்பி, ஒன்று கேட்கிறேன். சிலிக்கா சேர்ந்தால் நெல் சாயாமல் நிற்கும், தண்டும் உறுதிப்படும் என்று வேளாண் ஆட்கள் சொல்வார்கள், எங்கள் அப்பா நாற்றங்காலில் உமிச் சாம்பல் தூவுவார். நீங்கள் பள்ளத்தில் கொட்டுவதில் ரெண்டு டிராக்டர் லோடு எனக்குத் தாருங்கள், வண்டி வாடகை என்னுடையது.

அரவைமில்_வாரிசு:
தாராளமாக வாருங்கள் அண்ணே, காசு வேண்டாம். வரும்போது தார்ப்பாய் கொண்டு வாருங்கள், மூடாமல் போனால் வழியெல்லாம் பறக்கும், தெருக்காரர்கள் ஏற்கெனவே என்மேல் கோபத்தில் இருக்கிறார்கள். ஆனால் ரெண்டு லோடு போன பிறகும் பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

பேங்க்_தாத்தா:
அந்தக் கோழிக்கு அடியில் ஒரு தார்ப்பாய் இருந்ததே, அதைக் கேட்டுப் பாருங்கள்.